நோகாமல் வரும் கண் நோய்

வெளியூர் வாழ்க்கையில் நம்மிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. உடம்புக்கு எது வந்தாலும், "கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பதே அது. சொந்த ஊர் வைத்தியரிடம் தாய்மொழியிற் குறை சொல்லலாம். உறவினர் துணைக்கு வருவர். இவை நியாயமான காரணங்களே. ஆயினும், கண்ணைப் பொறுத்தவரையில் இவ்வழக்கம் விளைக்கும் கேட்டை நாம் அருகிலிருந்து கண்டோம்.

தலைநகரில் உத்தியோகம் பார்க்கும் நம் அன்பர் ஒருவரின் தாயார், கணவர் காலமான பின் மகனோடு வந்து வசிப்பவர். நெடுங்கால நீரிழிவு உடையவர். ஒரு கார்த்திகை மாதத்தில் அவருடைய வலக் கண்ணில் கருநூல் போல ஏதோ மிதக்கலாயிற்று. வலி இல்லை, சிவப்பும் இல்லை. "வயதானால் புரை விழத்தானே செய்யும்? சித்திரையில் ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்கிறேன். இந்தி தெரியாத நான் இங்கே டாக்டரிடம் என்னவென்று சொல்வேன்?" என்றார் அம்மையார். மகனும் வற்புறுத்தவில்லை. தை பிறக்குமுன் அக்கண் இருண்டுவிட்டது. பரிசோதித்த வைத்தியர், "இது புரையன்று, விழித்திரையின் கோளாறு" என்றார். அறுவை செய்தும், ஆள் நடமாட்டம் தெரியும் அளவே பார்வை மீண்டது. மற்றக் கண்ணையேனும் லேசர் சிகிச்சையால் காத்துக்கொடுத்தனர்.

புரையும் திரையும்

கண்ணைப் புகைப்படப் பெட்டிக்கு ஒப்பிடலாம். முன்புறத்து வில்லை மங்குவது புரை. பின்சுவரில் ஒட்டியுள்ள மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. அது பெட்டியினுள் இருக்கும் பிலிமைப் போன்றது. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தலாம். விழித்திரையை மாற்றிப் பொருத்தும் வழி இன்றளவும் இல்லை. மேலும், அத்திரைக்கு வலியுணர்ச்சி கிடையாது. ஆகவே, புரைக்குப் பொறுத்திருப்பதுபோல் திரைக்குப் பொறுத்திருத்தல் தகாது. எது புரை, எது திரைக் கோளாறு என்பதை வீட்டிலிருந்து நாம் தீர்மானிக்க இயலாது. கண்ணாடிக் கடையில் கண்ணாடியை மாற்றிக்கொள்வதாலும் அது தெரியவராது.

நீரிழிவும் கண்ணும்

நீரிழிவு நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபடும். சில கசியும், சில அடைபடும். அடைபட்ட இடங்களில் புதிய குழாய்கள் முளைக்கும். அவை வலிமையற்றவையாதலின் எளிதில் உடைந்து இரத்தம் சிந்தும். பின்னர்த் தழும்பாகித் திரையைப் பிடித்திழுக்கும். தொடக்கத்தில் பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும். இதுவே இந்நோயின் வஞ்சகம்.

சிகிச்சை மூவகைப்படும். லேசர் ஒளியால் திரையின் ஓரங்களைச் சுட்டு நடுப்பார்வையைக் காத்தல் ஒன்று. நோய் முற்றிய கண்களிலும் இத்தகைய ஒளிச் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைத்ததாக அமெரிக்கப் பேராராய்ச்சியொன்று 1976-இல் நிலைநாட்டிற்று. கசிவைத் தடுக்கும் மருந்தைக் கண்ணினுள் ஊசியாற் செலுத்துதல் மற்றொன்று. மரத்துப்போக மருந்திட்ட பின்னரே ஊசி போடுவராதலின் அஞ்ச வேண்டா. ஆனால் பன்முறை போடவேண்டியிருக்கும், இடையில் விட்டுவிடலாகாது. சிந்திய இரத்தத்தையும் தழும்பையும் அறுவையால் அகற்றுதல் மூன்றாவது. இம்மூன்றும் பெரும்பாலும் எஞ்சிய பார்வையைக் காப்பனவே. இழந்ததை முழுதும் மீட்பன அல்ல.

நடுவயதில் வரும் நீரிழிவாயின், நோய் இன்னதென்று அறிந்த அன்றே கண்ணையும் காட்டி, பின்னர் ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்தல் வேண்டும். நீரிழிவுள்ள பெண்மணி கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே காட்டுதல் அவசியம். இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

மின்னலும் கருநிழலும்

கண்ணில் திடீரென மின்னல் வெட்டினாற்போல ஒளி தோன்றுதல், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதத்தல், ஒரு பக்கத்திலிருந்து திரைச்சீலை இறங்கினாற்போல் நிழல் படிதல் ஆகியவை விழித்திரை கிழிந்து விலகுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். கிட்டப்பார்வை மிகுந்தவர்களும், கண்ணில் அடிபட்டவர்களும், புரை அறுவை செய்துகொண்டவர்களும் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவர். இதில் நாளைக் கடத்தலாகாது. அன்றே வைத்தியரை நாட வேண்டும். கிழிசல் மட்டும் இருக்குமாயின் லேசரே பெரும்பாலும் போதும்; திரை விலகிவிட்டால் அறுவை வேண்டும்.

அறுவையின்போது சிலருக்குக் கண்ணினுள் வாயுக் குமிழி வைப்பர். அது கரையும்வரை விமானப் பயணம் கூடாது. உயரே செல்லச் செல்ல வாயு விரிந்து கண்ணழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம். ஊருக்குப் போய் ஓய்வெடுக்க எண்ணுவோர் வைத்தியரின் அனுமதி பெற்றே புறப்படுக.

முதியோரும் மழலையரும்

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலிவதுண்டு. ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் பாருங்கள். நேர்கோடு வளைந்து தோன்றினாலோ, நடுவில் மறைவு தெரிந்தாலோ தாமதியாது காட்டுங்கள். இந்நோயில் ஒரு வகைக்கு ஊசி மருந்து நன்கு பயன்படுகிறது. புகைபிடிப்பவர் அப்பழக்கத்தை விடுதல் நலம்.

பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் நம் பெண்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைச் சோதனை செய்வித்தல் வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. ஊர் திரும்பிய பின் பார்ப்போம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும்.

மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் 1978-இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் நமக்குப் பெருமையே. ஆனால் நோய் நம் விடுமுறைக்காகக் காத்திராது. தில்லியில் 1967 முதல் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் பணிபுரிகிறது. மற்றப் பெருநகரங்களிலும் விழித்திரை நிபுணர் உளர்.

எஞ்சுவது மொழித் தடையே. சோதனைக்காகப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். எப்படியும் ஒருவர் துணை வேண்டும். அத்துணைவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கலாமன்றோ? நம் அன்பரின் தாயாருக்கு இப்போது கல்லூரியிற் படிக்கும் பேத்தி துணை செல்கிறாள். பாட்டி தமிழிற் சொல்வதை அவள் இந்தியிற் கூறுகிறாள், தவணை தவறுவதில்லை. அத்துணை கார்த்திகையிலேயே கிடைத்திருந்தால் இரு கண்களும் பிழைத்திருக்கக் கூடும். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன? உங்கள் இல்லத்து முதியவரிடம் இன்றே கேளுங்கள்.