திருகை மூடியும் அணையாத அடுப்பு

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று தெரிந்ததும் ஃபைலில் இரண்டு காகிதங்கள் சேரும். ரத்தப் பரிசோதனை மறுநாளே வந்துவிடும். பயாப்ஸி சதையில் செய்யும் மரபணுச் சோதனைக்கு வாரக்கணக்கில்கூட ஆகும். வீட்டார் முதல் காகிதத்தின் எண்களைப் பார்த்துத் தூக்கம் கெடுவார்கள். மருத்துவர் காத்திருப்பதோ இரண்டாவதற்கு.

கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் குறியீடு என்பது அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வரும் தீய்ந்த வாடை: உள்ளே எவ்வளவு கருகுகிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. மரபணு அறிக்கை அடுப்பைக் கழற்றிப் பார்த்தவர் எழுதிய சீட்டு.

வாடைகளில் பேர்போனது சி.இ.ஏ. 1965இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்தது. ஒரு மில்லிலிட்டரில் 5 நானோகிராம் வரை இயல்பு என்பார்கள். புகைபிடிப்பவருக்குச் சும்மாவே கூடும். சில கட்டிகள் அதைச் சுரப்பதே இல்லை. கீமோ தொடங்கிய முதல் வாரங்களில், மருந்து வேலை செய்யும்போதே, ஏறி இறங்குவதும் உண்டு. ஒற்றை எண்ணைவிட அடுத்தடுத்த எண்களின் போக்குதான் பேசும். எல்.டி.எச்., அல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருப்பதும் அல்புமின் குறைந்திருப்பதும் நோயின் பாரம் அதிகம் என்பதற்கான அடையாளங்கள். அல்புமினை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி அடுப்பு. செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் திருகு ஈ.ஜி.எஃப்.ஆர். அது திறந்தால் உள்ளே ராஸ் என்னும் வால்வு திறக்கும். அங்கிருந்து பி-ராஃப் வழியாகப் பர்னருக்கு வாயு போகும். "வளர், பெருகு" என்ற கட்டளைதான் அந்த வாயு. செடுக்சிமாப் திருகை மூடும் மருந்து. பரவிய பெருங்குடல் புற்றுநோயில் 100 பேரில் சுமார் 40 பேருக்கு ராஸ் வகையில் ஒன்றான கே-ராஸ் வால்வே திறந்தபடி சிக்கியிருக்கிறது. அதன் பிறகு திருகை எத்தனை முறை மூடினால் என்ன? அவர்களுக்கு செடுக்சிமாப் பயன்தராது என்பது 2008 வாக்கில் உறுதியானது.

பி-ராஃப் பழுது அதைவிடப் பொல்லாதது. வி600இ என்ற மாற்றம் 100 பேரில் எட்டு, பத்துப் பேருக்கு இருக்கும். கீமோ மட்டுமே இருந்த நாளில் அவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ ஓராண்டுக்குள் இறந்தார்கள். தோல் புற்றுநோயான மெலனோமாவில் பி-ராஃபை அடைக்கும் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது, குடலில் தோற்றது. காரணம் 2012இல் தெரிந்தது. பி-ராஃபை அடைத்ததும் வாயு குறைவதை உணரும் செல், வெளித்திருகைத் தானே அகலத் திறந்துவிடுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்து மூட வேண்டும். என்கோராஃபெனிப், செடுக்சிமாப் ஜோடி அப்படி வந்ததுதான். 2019இல் வெளியான பீக்கன் ஆய்வு அது ஆயுளை நீட்டுவதைக் காட்டியது.

அறிக்கையில் எம்.எஸ்.ஐ. என்றொரு வரியும் இருக்கும். டி.என்.ஏ. நகலெடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கெட்டிருந்தால் அங்கே 'ஹை' என்று எழுதியிருப்பார்கள். பரவிய நிலையில் 100 பேரில் நாலைந்து பேருக்குத்தான். ஆனால் அவர்களுக்குக் கீமோவைவிட நோயெதிர்ப்பு மருந்து மேல்: 2020இல் வெளியான கீநோட்-177 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் நோயை 16.5 மாதம் அடக்கி வைத்தது, கீமோ 8.2 மாதம். இவை இடைநிலைக் கணக்கு. பாதிப் பேருக்கு அதற்கு மேலும் போனது. பி-ராஃப் பழுதும் எம்.எஸ்.ஐ.யும் ஒரே கட்டியில் இருக்கலாம் என்பதால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

அடுப்பும் அப்படியே நிற்பதில்லை. செடுக்சிமாபுக்குக் கட்டுப்பட்டிருந்த கட்டியில் நாளடைவில் ராஸ் பழுதுள்ள செல்கள் தலையெடுக்கும். மருந்தை நிறுத்தினால் சிலருக்கு அவை குறையும். கட்டி ரத்தத்தில் உதிர்க்கும் டி.என்.ஏ. துணுக்குகளிலேயே இதைக் காணலாம். இத்தாலியில் நடந்து 2022இல் வெளியான க்ரோனோஸ் ஆய்வில், ரத்தத்தில் பழுது தென்படாதவர்களுக்கு மட்டும் செடுக்சிமாப் வகையைச் சேர்ந்த பானிட்டுமுமாபை மறுபடி கொடுத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது.