எல்லை தாண்டி வந்த கட்டில்
மலையடிவாரக் கிராமங்களில் குடியேறுகிறவர்கள் மரச்சாமான் வாங்க சஹாரன்பூருக்குப் போகிறார்கள். விலையில் லாபம் உண்டு. மரத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

டாட் காளி கோயிலைத் தாண்டும்போது வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போகும் டிரைவர் அபூர்வம். உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து டேராடூன் சுமார் 70 கி.மீ. ஷிவாலிக் குன்றுகளைச் சாலை கடக்கும் இடத்தில் உ.பி. முடிந்து உத்தராகண்ட் தொடங்குகிறது. அந்த எல்லையில்தான் காளி இருக்கிறாள். 2023 அக்டோபரில் ஒரு மாலை அங்கே நின்ற மினி லாரியில் ஒரு இரட்டைக் கட்டில், ஆறு நாற்காலிகளுடன் சாப்பாட்டு மேஜை, ஒரு அலமாரி, ஒரு ஊஞ்சல் பலகை ஆகியவை கோணி சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. சாமான்கள் என் நண்பருடையவை. தில்லியில் 30 ஆண்டுக்கு மேல் மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர் சென்னைக்குத் திரும்பவில்லை. டேராடூனை அடுத்த ஒரு கிராமத்தில் சிறிய வீடு கட்டிக்கொண்டார்.

சிறிய வீடு என்பது அவர் விருப்பம் மட்டுமல்ல, சட்டமும் கூட. வெளிமாநிலத்தவர் உத்தராகண்ட் கிராமப்புறத்தில் வீடு கட்ட 250 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வாங்க முடியாது. நம் ஊர்க் கணக்கில் 6 சென்ட்டுக்குச் சற்று அதிகம். 2025-ல் சட்டம் மேலும் இறுகியது. மாநிலத்தின் 13 மாவட்டங்களில் ஹரித்வார், உதம்சிங் நகர் தவிர மற்ற 11-ல் வெளியார் விவசாய நிலமோ தோட்ட நிலமோ வாங்கத் தடை வந்துவிட்டது. ஆறு சென்ட் மனையில் கட்டிய வீட்டுக்கு ஆறடி அகல அலமாரி எதற்கு என்ற கேள்வி கடையில் நிற்கும்போது எழுவதில்லை. வீட்டு வாசலில் இறக்கும்போதுதான் எழுகிறது.

சஹாரன்பூர் மரவேலைக்குப் பெயர் போன ஊர். காத்தா கேடி பகுதியில் நுழைந்தால் தெருவெல்லாம் உளிச் சத்தம்தான். செதுக்கு வேலைக்காரர்களின் முன்னோர் காஷ்மீரிலிருந்து வந்தவர்கள் என்பது அங்கு வழங்கும் கதை. முக்கிய மரம் சீஷம், அதாவது வடநாட்டு ஈட்டி வகை. அடுத்தபடியாக மாமரம். யமுனையைத் தாண்டினால் ஹரியாணாவின் யமுனா நகர். அங்கே வயல் வரப்புகளில் வளரும் பாப்லர் மரங்கள் பிளைவுட்டாக மாறுகின்றன. 2000 நவம்பர் 9-ல் உத்தராகண்ட் பிறக்கும்வரை சஹாரன்பூரும் டேராடூனும் ஒரே மாநிலத்து ஊர்கள். இன்று நடுவே ஒரு எல்லைக்கோடு. மலைக்காரர்களுக்குச் சந்தை மட்டும் மாறவில்லை.

விலை வித்தியாசம் கண்ணைப் பறித்தது. தில்லி கீர்த்தி நகரில் ரூ.78,000 சொன்ன அதே அளவுக் கட்டில் சஹாரன்பூரில் ரூ.46,000. எல்லாம் சேர்ந்து ரூ.1,20,000 என்று பேரம் முடிந்தது. உடனே கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம், அல்லது ரூ.50,000-க்குக் கீழே மூன்று பில்லாகப் பிரித்துத் தரலாம் என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். பேரம் பேச இந்தி தெரிந்தவன் வேண்டும் என்றுதான் என்னை அழைத்து வந்திருந்தார். நான் இந்தியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தேன்.

மர நாற்காலி, கட்டிலுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் மொத்த வரி ஒன்றுதான். 2017 ஜூலைக்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு, எல்லையில் விற்பனை வரிச் சோதனைச் சாவடி வேறு. அந்தச் சாவடிகள் ஜி.எஸ்.டி.யோடு போய்விட்டன. அவற்றின் இடத்துக்கு 2018 ஏப்ரல் முதல் வந்தது 'ஈ-வே பில்'. ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் அது அவசியம். எழுத வேண்டியவர் பதிவு பெற்ற கடைக்காரர். வழியில் பறக்கும் படை நிறுத்தும்போது தாள் இல்லையென்றால் அபராதம் வரியைப் போல இரு மடங்கு. ரூ.1,20,000-க்கு வரி ரூ.21,600, அபராதம் ரூ.43,200. வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பது தனி. நண்பர் பில் வாங்கினார். தில்லி வீட்டிலிருந்து வந்த பழைய பீரோவுக்கும் பாத்திரங்களுக்கும் இந்தத் தாள் தேவைப்படவில்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு விதிவிலக்கு உண்டு.

ஆக, எல்லையில் எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை மரத்துக்குள் இருந்தது.

கிராமத்துச் சந்து ஏழடி அகலம். மினி லாரி முனையிலேயே நின்றுவிட்டது. நான்கு பேர் சுமந்து வந்த கட்டிலின் தலைப்பலகை மாடிப்படி திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கடைசியில் அதைக் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். ஜனவரியில் குளிர் இறங்கி, ஹீட்டர் போடத் தொடங்கிய இரண்டாவது வாரம், நள்ளிரவில் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம். சாப்பாட்டு மேஜையின் மேல்பலகை முனையிலிருந்து முனை பிளந்து கிடந்தது. மார்ச்சில் கட்டில் காலருகே வெள்ளை மாவு கொட்டியது. ஜூலை மழையில் அலமாரி இழுப்பறைகள் திறக்க மறுத்தன.

காரணம் எளியது. ஈர மரம். அறுத்த பலகையில் உள்ள ஈரம் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்தினால்தான் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அது லாயக்கு. மரம் காயும்போது நீளவாட்டில் அனேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில் சுருங்கும். பலகையை நான்கு பக்கமும் இறுக்கி ஆணி அடித்துவிட்டால் சுருங்க இடமில்லாமல் பிளந்துகொள்ளும். மழைக்காலத்தில் அதே பலகை ஊதும். டேராடூன் ஆண்டுக்கு சுமார் 2,000 மி.மீ. மழை பெறும் ஊர். வெள்ளை மாவு வண்டின் வேலை. வைரம் பாய்ந்த பகுதியை அது தொடாது, வெளிறைத்தான் துளைக்கும். சீஷத்தில் வைரம் பழுப்பு, வெளிறு வெளுப்பு. கருஞ்சாயம் பூசிவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது விலையை மட்டுமல்ல. பெரிய ஏற்றுமதிப் பட்டறைகளில் மரத்தை உலர்த்தும் சூட்டறை உண்டு. அங்கே உலர்த்திய பலகையா என்று கேளுங்கள். ஈரம் அளக்கும் கைக்கருவி வைத்திருப்பவர் கூச்சமில்லாமல் அளந்து காட்டுவார். சாயம் பூசுமுன் சாமானைப் பாருங்கள். கட்டிலைத் திருகாணியால் பிரித்துச் சேர்க்கும்படி செய்யச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் சந்தையும் படிக்கட்டையும் வாசற்படியையும் அளந்து எடுத்துப் போங்கள்.

சஹாரன்பூருக்கும் தன் கஷ்டம் உண்டு. அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான 'சைட்டிஸ்', 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சீஷம் சாமான் ஏற்றுமதி அடி வாங்கியது. 2022 நவம்பரில் பனாமா மாநாட்டில் இந்தியா வாதாடி, தனித்தனியே 10 கிலோவுக்குக் குறைந்த மரமுள்ள பொருள்களுக்கு விலக்கு பெற்றது. கட்டிலும் மேஜையும் அந்த எடைக்குள் அடங்குமா? பெரிய சாமான் செய்கிறவர் உள்நாட்டு வாடிக்கையாளரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அவசரத்தில் ஈரப்பலகை உளிக்குப் போகிறது.

மலைக்கிராமத்தில் ஏன் செய்துகொள்ளக் கூடாது? செய்ய ஆள் வேண்டுமே. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போனதாக உத்தராகண்டின் இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் கணக்கிட்டது. கதவு நிலைகளில் 'லிகாய்' என்னும் செதுக்கு வேலை செய்த குமாவுன் தச்சர்களின் தொழிலும் நலிந்துவிட்டது. இங்கே தில்லிக்காரர்கள் வீடு கட்ட வருகிறார்கள், மலைக்காரர்களின் பிள்ளைகள் தில்லிக்கு வேலைக்குப் போகிறார்கள். இருவரும் பேருந்து நிலையத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

நண்பரின் கிராமத்தில் ஒரு மிஸ்திரி மிஞ்சியிருந்தார். எழுபதை நெருங்குகிறவர். பிள்ளைகள் இருவரும் ஊரில் இல்லை. பிளந்த மேஜையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஆணிகளைப் பிடுங்கினார். திருகாணித் துளைகளை நீள்வட்டமாக்கி, பலகை அசைய இடம் விட்டுப் பூட்டினார். பிளவில் அதே மரத்தில் ஒரு சிம்பு இறக்கினார். இரண்டு நாள் கூலி ரூ.1,800. அடுத்து வந்த இரண்டு குளிர்காலத்திலும் மேஜை வாய் திறக்கவில்லை.

"மேஜை நாற்காலியெல்லாம் அங்கே மலிவுதான் பாபுஜி, வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டோடு பொருந்த வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றாராம்.

அவர் சொன்னதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பலகையாக எல்லை தாண்டினால் வனத்துறைச் சட்டம் குறுக்கே வரும். மரவகையைப் பொறுத்து அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கலாம். நாடு முழுவதற்குமான ஒரே அனுமதிச் சீட்டு முறை 2023 டிசம்பரில்தான் வந்தது. அந்தத் தலைவலி வேண்டாதவர்கள் டேராடூன் டிப்போவிலேயே பில்லோடு உலர்ந்த பலகை வாங்கி மிஸ்திரியிடம் கொடுக்கலாம். சஹாரன்பூர் விலையைவிடக் கூடத்தான் ஆகும்.

சஹாரன்பூரிலிருந்து வந்தவற்றில் பழுதில்லாதது ஊஞ்சல் பலகை ஒன்றுதான். பழைய வீட்டு உத்தரத்தை அறுத்து எடுத்தது, காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது. நண்பரின் மனைவி அதில் உட்கார்ந்தபடிதான் மிஸ்திரிக்கு அடுத்த வேலை சொன்னார். சென்னையிலிருந்து வரப்போகும் மாமியாருக்கு, உயரம் குறைந்த ஒற்றைக் கட்டில் ஒன்று.

மிஸ்திரி முதலில் அளந்தது மாடிப்படியை.