பதிந்ததும் பதியாததும்

ஒரு நூலைப் பலர் கூடித் திருத்துங்கால் எழும் இடர் யாவரும் அறிந்ததே. எவர் மாற்றினார், எப்போது மாற்றினார், முன்பு இருந்த பாடம் யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்டல் அரிது. கணினி நிரல் எழுதுவோர்க்கும் இவ்விடர் உண்டு. அதனைத் தீர்க்கத் தோன்றியவையே பதிப்புக் காப்பு மென்பொருள்கள். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்டு என்பார் அமைத்த எஸ்.சி.சி.எஸ். இவ்வகையில் முன்னோடியாகும். இன்று பெரிதும் வழங்குவது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட் என்பதாம்.

கிட் மென்பொருளைக் கட்டளைச் சொற்களைத் தட்டெழுதி இயக்கலாம். பொத்தான்கள் கொண்ட முகப்புச் செயலி வழியாகவும் இயக்கலாம். அத்தகைய செயலியை வகுப்போர் முதற்கண் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பதிந்தது மீளும், பதியாதது மீளாது என்பதே அது.

வேலையில் ஒரு கட்டம் முடிந்ததும் எழுதுபவர் அதனைப் பதிவு செய்கிறார். அப்பதிவைப் பின்னர்த் தவறுதலாகக் கைவிட்டாலும், கிட் தன் குறிப்பேட்டில் அதன் சுவட்டை வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில், எக்கிளையிலும் சேராத பதிவின் சுவடுகூட 30 நாள் நிற்கும். ஆனால், காலை முதல் எழுதிப் பதியாது விட்ட வரிகளைக் கிட் அறியாது. அவற்றின்மேல் பழைய பாடம் எழுதப்படின், அவை சிலேட்டில் அழித்த எழுத்தை ஒப்பனவே.

செக்கவுட் என்னும் கட்டளை இதற்குத் தக்க சான்று. ஒரு கிளையினின்று மற்றொரு கிளைக்குச் செல்லவும் அச்சொல்லே; கோப்பில் செய்த திருத்தங்களை நீக்கிப் பழைய பாடத்தைக் கொணரவும் அச்சொல்லே. முன்னது காவலுடையது, பதியாத திருத்தம் அழியும் நிலை நேரின் கிட் செல்ல மறுக்கும். பின்னதோ கேளாமலே அழித்துவிடும். ஒரு சொல் இரு பொருள் தருதல் செய்யுளுக்கு அணி, கட்டளைக்கு இடர். ஆதலின் 2019 ஆகஸ்டில் வெளிவந்த 2.23-ஆம் பதிப்பில், கிளை மாறுதற்குச் சுவிட்ச் என்றும், பழைய பாடத்தைக் கொணர்தற்கு ரெஸ்டோர் என்றும் இரு சொற்கள் வகுக்கப்பட்டன. பழைய சொல்லும் நீக்கப்படவில்லை. பழகிய கை இன்றும் அதனை நாடுகிறது.

முகப்புச் செயலி வகுப்போர்க்கு இதனால் பெறப்படும் பாடங்கள் மூன்று. முதலாவது, மீளும் செயலுக்கும் மீளாச் செயலுக்கும் உரிய பொத்தான்கள் அருகருகே அமைதல் ஆகாது. அவற்றின் பெயர்களும் வேறாதல் வேண்டும். இரண்டாவது, அழிக்குமுன் எந்தக் கோப்பில் எந்த வரிகள் மறையும் என்பதைக் கண்முன் காட்டுதல் வேண்டும். மூன்றாவதே தலையாயது. "உறுதியாகவா?" என்று ஓயாமல் வினவினால், பயில்வோர் படிக்காமலே "ஆம்" என்பர். அவ்வினாவினும் சிறந்தது, அழிப்பதற்கு முன் படியொன்றை எடுத்துவைத்தல். கிட்ஹப் டெஸ்க்டாப் என்னும் செயலி, கைவிட்ட திருத்தங்களைக் கணினியின் குப்பைக்கூடையில் இட்டுவைப்பது இம்முறை பற்றியே ஆகும்.

கை தவறுதல் மாந்தர்க்கு இயல்பு. நாள் முழுதும் உழைத்தவர் ஒரு பொத்தானால் அவ்வுழைப்பை இழவாதவாறு காப்பதே இத்தகைய செயலியின் முதற்கடன். ஏனைய வசதிகள் எல்லாம் அதன் பின்னரே வைத்து எண்ணத்தக்கன.