உங்களுக்குத் தெரியுமா? தராசு சொல்லாததை இஞ்சு டேப் சொல்லும்

● 'பி.எம்.ஐ.' எனும் உடல் நிறைக் குறியீட்டுக் கணக்கைக் கொடுத்தவர் மருத்துவர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ப் கெட்லே. நோய் பார்ப்பது அவர் நோக்கமே இல்லை. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதுதான் அவர் தேடல். பி.எம்.ஐ. என்ற பெயர் 1972-ல்தான் வந்தது.

● கணக்கு இதுதான்: கிலோவில் எடை; அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரம், 64 கிலோ எடை என்றால் விடை 25. வெள்ளைக்காரருக்கு இது 'கொஞ்சம் அதிகம்'. நமக்கோ உடல் பருமன்! இந்தியர்களுக்கு 23-லேயே கவனம் தேவை.

● ஏன் இந்த ஓரவஞ்சனை? 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் பிரிட்டனின் ஜான் யுட்கின், இன்னொருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால், உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! முன்னவர் மாரத்தான் ஓடுபவர். பின்னவர் ஓடுவது லிஃப்ட் கதவு மூடுவதற்குள்தானாம்.

● மயிலாடும்பாறைப் பக்கம் இலவம்பஞ்சு மூட்டை கட்டுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும்: எடை ஒன்றானாலும் பஞ்சு இடத்தை அடைக்கும். கொழுப்பும் தசையைவிட அதிக இடம் பிடிக்கும். பிடிக்கிற இடம் வயிறு என்றால்தான் வம்பு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, கொழுப்புக் கல்லீரல் எல்லாம் அந்த வழியாகவும் வரலாம்.

● கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் இஞ்சு டேப் வைத்து இடுப்பை அளக்கவும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றை எக்கினால் ஏமாறுவது டேப் இல்லை!

● ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து உடனே தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். காலையில், வெறும் வயிற்றில் எடை பார்ப்பதே சரி.

● ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்கால் மூட்டுக்கு ஒவ்வோர் அடியிலும் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும்.

● 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் அதிக எடை. அதுவும் 25 என்ற உலக அளவுகோலில்! நம் 23-ஐ வைத்து எண்ணினால் இன்னும் கூடும்.

● 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷரும் சுகரும் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தால், இடுப்பளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.