ஒரே காசில் 4 கோடி பாயிண்டு! சாதித்த பையன் எங்கே?

கால் டாலர் காசு ஒன்று. அதை மெஷினில் போட்டுவிட்டு ஆடத் தொடங்கினான் 15 வயதுப் பையன். ஆட்டம் முடிந்தபோது அவன் எடுத்திருந்தது எவ்வளவு தெரியுமா? 4 கோடியே 13 லட்சத்து 36 ஆயிரத்து 440 பாயிண்டு. அம்மாடியோ!

1982 நவம்பர் 13ந் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து நியூடவுனில் இது நடந்தது. பையன் பெயர் ஸ்காட் சாப்ரன். ஆட்டத்தின் பெயர் 'அஸ்ட்ராய்ட்ஸ்'. விண்ணில் மிதக்கும் பாறைகள் என்று அர்த்தம்.

கோலம் மாதிரி கோடு

அட்டாரி கம்பெனி 1979ல் இறக்கிய ஆட்டம் இது. 70 ஆயிரம் மெஷினுக்கு மேல் விற்றது. காசு நிரம்பி வழிந்ததால் சில இடங்களில் பெரிய உண்டியல் வைக்க வேண்டியதாயிற்று.

அப்படி என்னதான் இருந்தது அதில்? கறுப்புத் திரை. வெள்ளைக் கோட்டில் முக்கோணமாக ஒரு கப்பல். நாலாபக்கமும் பாறைகள். சுட்டால் பெரிய பாறை இரண்டாக உடையும். உடைந்ததைச் சுட்டால் இன்னும் சின்னதாகும். நடுநடுவே பறக்கும் தட்டு வந்து நம்மைச் சுடும். அவ்வளவுதான்!

ஆனால் அந்தக் கோடு இருக்கிறதே, அது தனி ரகம். பழைய டி.வி. பெட்டியில் எலெக்ட்ரான் கதிர் திரை முழுவதையும் மேலிருந்து கீழாக வரி வரியாக மெழுகும். இதில் அப்படி இல்லை. வாசலில் கோலம் போடுகிறவர்கள் புள்ளிக்குப் புள்ளி இழுப்பார்களே, அது மாதிரி கதிர் நேராகப் போய்க் கோட்டை மட்டும் இழுக்கும். கப்பல் சுடும் குண்டு ஒரே ஒரு புள்ளி. கதிர் அந்த இடத்திலேயே நிற்பதால் தீப்பொறி மாதிரி ஜொலிக்கும்.

413 தடவை பூஜ்யம்

இந்த மெஷினில் 99,990 வரைதான் பாயிண்டு காட்டும். அதைத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். சாப்ரனுக்கு 413 தடவை அப்படித் திரும்பியது!

சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படி என்று கேட்கிறீங்களா? பத்தாயிரம் பாயிண்டுக்கு ஒரு கப்பல் இனாம். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் கப்பல்களைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். "நாலைந்து போனால் போகட்டும்" என்று விட்டுவிட்டு, ஓடிப் போய் வந்துவிடுவார்கள்.

தேடினார்கள்...

வருடங்கள் ஓடின. சாதனையை யாராலும் தொட முடியவில்லை. வீடியோ ஆட்டச் சாதனைகளைப் பதிவு செய்யும் 'ட்வின் கேலக்சிஸ்' அமைப்பின் வால்டர் டே, சாப்ரனைக் கூப்பிட்டுப் பாராட்ட ஆசைப்பட்டார். தேடினார், தேடினார். ஆள் அகப்படவில்லை.

கடைசியில் தகவல் கிடைத்தது. ஆனால் பாராட்டை வாங்கிக்கொள்ள சாப்ரன் இல்லை. 1989லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், தன் பூனையைக் காப்பாற்றப் போய், கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். வயது 22தான். தன்னைத் தேடியதே அவருக்குத் தெரியாது. 2002ல் விருதைக் குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள்.

2010 ஏப்ரலில்தான் அந்தச் சாதனை விழுந்தது. ஜான் மெக்அலிஸ்டர் என்பவர் 58 மணி நேரம் ஆடி முறியடித்தார். வித்தியாசம் வெறும் 2,300 பாயிண்டு. சின்னப் பறக்கும் தட்டு ஒன்றை வீழ்த்தினால் 1,000 பாயிண்டு. மூன்று தட்டுகூட இல்லை!

சாதனை போனால் இன்னொருவர் செய்வார். அந்த வெளிச்சம்? இன்று இதே ஆட்டத்தை செல்போனிலும் ஆடலாம். பாறை வரும், தட்டு வரும். ஆனால் தட்டைத் திரையில் எல்லாமே புள்ளிக் கட்டம். கோடு போட்டது மாதிரி காட்டலாமே தவிர, கோடு இழுக்க முடியாது.

பழைய மெஷின்களைச் சிலர் ரிப்பேர் பார்த்துப் பார்த்து இன்னும் ஓட வைத்திருக்கிறார்கள். சாப்ரன் கண்ணில் பட்ட அந்தத் தீப்பொறியைப் பார்க்கணும்னா, அதன் முன்னால் போய் நின்றால்தான் உண்டு!