நிரலுக்கும் உரை வேண்டும்

2001ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தையும் மேற்கொண்டது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இத்திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. ‘உபுண்டு’ என்னும் கட்டற்ற இயங்குதளத்தைத் தழுவி அந்நிறுவனம் அமைத்துள்ள மென்பொருள் தொகுப்பே அம்மாநிலப் பள்ளிக் கணினிகளில் இயங்கி வருகிறது.

கட்டற்ற மென்பொருளின் அடிப்படை நான்கு உரிமைகளாகும். விரும்பியவாறு பயன்படுத்தல், அதன் செயல்முறையைக் கற்றல், பிறருக்கு வழங்கல், மாற்றியமைத்து வெளியிடல் என்பன அவை. கற்பதற்கும் மாற்றுவதற்கும் மூலநிரல் கைக்குக் கிட்டுதல் இன்றியமையாதது. ஆயின், மூலநிரல் கிட்டிய அளவிலேயே அது விளங்கிவிடுமா? இவ்வினாவிற்கான விடை, நிரலின் இடையிடையே எழுதப்பெறும் விளக்கக் குறிப்புகளைப் பெரிதும் சார்ந்துள்ளது.

குறிப்பு என்பது யாது?

எழுத்துகளை எண்ணுதல், நாள்களைக் கணக்கிடுதல், செய்தியை மறைமொழியாக்குதல் முதலிய பொதுப் பணிகளுக்கு ஒருவர் எழுதிய நிரலைப் பலரும் எடுத்தாளுமாறு தொகுத்து வைப்பதே நிரல் நூலகம். அதனுள் மனிதர் படிப்பதற்கென்றே எழுதப்பெறும் வரிகள் விளக்கக் குறிப்புகள் எனப்படும். கணினி இவ்வரிகளைப் பொருட்படுத்தாது கடந்துவிடும். 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலேயே, வரியின் முதல் இடத்தில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் அது குறிப்பு எனக் கொள்ளப்பட்டது. 1984இல் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் ஒரு படி மேலே சென்றார். நிரல் எழுதுவோர் தம் கருத்தை மனிதர்க்கு விளக்குவதையே முதற்கடமையாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

எல்லாக் குறிப்பும் பயனுடையதன்று. ‘எண்ணுடன் ஒன்றைக் கூட்டுக’ எனும் நிரல் வரிக்கு அருகில் ‘எண்ணுடன் ஒன்று கூட்டப்படுகிறது’ என எழுதுவது வீண். என்ன செய்யப்படுகிறது என்பதை நிரலே கூறும். ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்பதைக் குறிப்பே கூறவேண்டும்.

எழுத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி முறையிலோ அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகப் பதிவாகிறது. ஆகவே, எழுத்துகளை எண்ணும் நிரல் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எண்ணாது விடவேண்டும். இக்காரணம் எழுதப்படாவிடில், தமிழ் அறியாத ஒருவர் அந்நிரலைக் கண்டு, ஐந்துக்கு மூன்று எனக் கணக்குப் பிழைப்பதாகக் கருதித் ‘திருத்த’ முற்படலாம்.

மலையாளத்தில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. ண், ன், ர், ல், ள் முதலிய ஒலிகளைக் குறிக்கும் சில்லெழுத்துகள், முன்னர் மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக் குறி ஆகிய மூன்றின் சேர்க்கையாகப் பதிவு செய்யப்பட்டன. 2008இல் வெளியான ஒருங்குறி 5.1ஆம் பதிப்பு அவற்றுக்குத் தனிக் குறிகளை அளித்தது. இதனால் ஒரே சொல் பழைய ஆவணங்களில் ஒரு வகையாகவும் புதிய ஆவணங்களில் வேறு வகையாகவும் பதிவாகியிருத்தல் கூடும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் சில வரிகள் தேடுநிரலில் இல்லையெனில், பழைய பதிவேட்டில் உள்ள ஒருவர் பெயர் தேடியும் கிட்டாது போகும். பின்வரும் நிரலாளர் அவ்வரிகளைத் தேவையற்றவை என நீக்காமல் காப்பது, அருகில் எழுதப்பெற்ற காரணமே.

ஒரு வரி கற்பித்த பாடம்

காரணம் எழுதாமையின் விளைவை உலகம் 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் உணர்ந்தது. ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்பது இணையச் செய்திகளை மறைமொழியாக்க உதவும் கட்டற்ற நிரல் நூலகம். மறைமொழிக்குரிய திறவுகோல்களை உருவாக்க, முன்கூட்டி ஊகிக்க இயலாத எண்கள் தேவை. அவ்வெண்களை ஆக்கும் பகுதியில், எழுத்தளவில் ஒன்றேபோன்ற இரு வரிகள் ஈரிடங்களில் இருந்தன. நினைவகப் பயன்பாட்டைச் சோதிக்கும் கருவி அவை குறித்து எச்சரித்தது. ஒரு வரியின் அருகில், சோதனைக் கருவி குறைகூறும் என்ற சிறு குறிப்பு மட்டும் இருந்தது. மற்றதன் அருகில் எக்குறிப்பும் இல்லை.

‘டெபியன்’ இயங்குதளத்துக்கென அந்நூலகத்தைப் பேணியவர் 2006இல் இரண்டையும் செயலிழக்கச் செய்தார். முதல் வரியை நீக்கியதால் தீங்கில்லை. குறிப்பற்ற மற்ற வரியோ, ஊகிக்க இயலாத தன்மையை எண்களுக்கு அளித்த வரியாகும். விளைவாக, எண்ணற்றனவாக இருந்திருக்கவேண்டிய திறவுகோல்கள், ஒரு வகைக் கணினிக்கு ஓர் அளவில் ஏறத்தாழ 32,768 என்ற எண்ணிக்கைக்குள் அடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் இதற்கு ஆளாயிற்று. குறை வெளிப்பட்டபின், இடைப்பட்ட காலத்தில் உருவான திறவுகோல்களை நீக்கிப் புதியன அமைக்க நேர்ந்தது. மூலநிரல் அனைவருக்கும் திறந்தே இருந்தும், ஏறத்தாழ இருபது மாதங்கள் இப்பிழை புலப்படவில்லை என்பது கருதத்தக்கது.

பழைய மரபு

காரணத்தை எழுதிவைக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. கேரளக் கணித மரபில் நீலகண்டர் ஏறத்தாழ 1500இல் இயற்றிய தந்திரசங்கிரகம், கணக்கிடும் விதிகளைச் செறிவாகக் கூறுவது. சில பத்தாண்டுகளுக்குப் பின் ஜேஷ்டதேவர் ‘யுக்திபாஷை’ என்னும் நூலில் அவ்விதிகள் ஏன் பொருந்தும் என்பதை மலையாள உரைநடையில் படிப்படியாக விளக்கினார். விதியைக் கொண்டு கணக்கிட முடியும். காரணம் அறிந்தவரே அதனை மேலும் வளர்க்க இயலும். தமிழ் மாணவர்க்கு உரையாசிரியர் மரபு இதனையே உணர்த்தும்.

நிர்வாகத்தின் கடமை

அரசு அலுவலர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். அலுவலகக் கோப்பில் ஆணை ஒருபுறமும் அதற்கான குறிப்பு மறுபுறமும் அமைகின்றன. மாறுதலில் வரும் புதிய அலுவலர், முந்தைய முடிவின் காரணத்தைக் குறிப்புப் பகுதியிலிருந்தே அறிகிறார். குறிப்பில்லாத கோப்பும் விளக்கமில்லா நிரலும் ஒரே நிலையின.

இந்திய அரசு 2015இல் திறமூல மென்பொருளை ஏற்கும் கொள்கையையும், அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக வளர்க்கும் கொள்கையையும் வெளியிட்டது. இவற்றின் பயன் முழுமையாகக் கிட்ட, மென்பொருள் ஒப்பந்தங்களில் மூலநிரலுடன் விளக்கக் குறிப்புகளையும் ஒப்படைக்கவேண்டும் என்ற நிபந்தனை இடம்பெறல் நலம். நிரல் மாறும்பொழுது குறிப்பும் உடன் மாற்றப்படுகிறதா எனச் சோதித்தலும் வேண்டும்; காலங்கடந்த குறிப்பு, குறிப்பின்மையினும் கேடு விளைப்பது. ஓய்வூதியம், நில ஆவணம், உதவித்தொகை ஆகியவற்றைக் கணக்கிடும் நிரலில், ஒவ்வொரு விதிவிலக்கும் எந்த அரசாணையால் வந்தது என்பது அவ்வரியின் அருகிலேயே பதிவாதல் வேண்டும். இல்லையேல், விதிவிலக்கால் பயன்பெற வேண்டிய முதியவர் ஒருவர், காரணம் அறியாத திருத்தத்தால் தம் உரிமையை இழக்க நேரிடும்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. நூலகம் ஒன்றைக் கற்கும்பொழுது தமக்கு விளங்காத இடத்தைக் கண்டறிந்து, காரணத்தை ஆராய்ந்து, தெளிவான குறிப்பொன்றை எழுதி அளித்தல், கட்டற்ற மென்பொருளுக்கு அவர்கள் ஆற்றத்தக்க முதற்பணியாகும். அடுத்து வரும் மாணவர் அவ்விடத்தில் தடுமாறாது மேற்செல்வார்.