வாரத் தவணையும் வராத சீசனும்!

நமக்கெல்லாம் ஒண்ணாம் தேதி சம்பளம். ஐந்தாம் தேதி பைக் தவணை. இருபதாம் தேதி பக்கத்து ஸீட்காரரிடம் கைமாற்று! ஏதோ வண்டி ஓடுகிறது. ஆனால் கோடைக்கானல் ஏரிக்கரையில் கடை போட்டிருப்பவர்களுக்கு ‘ஒண்ணாம் தேதி’ வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலில்தான் வரும். மே முடிந்தால் மாதக் கடைசி. அது அடுத்த மார்ச் வரை நீளும். நடுவில் பூஜா லீவு, கிறிஸ்துமஸ் என்று கொஞ்சம் ‘பேட்டா’ கிடைத்தால் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் அங்கே போயிருந்தேன். எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனி. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், “வியாபாரம் எப்படிக்கா?” என்றேன்.

“பாத்தாத் தெரியல? இன்னிக்கு நீங்கதான் தம்பி மூணாவது ஆளு. நாளைக்குக் குரூப் லோன் தவணை. அவங்களுக்குப் பனியாவது, மழையாவது... கரெக்டா வந்து நிப்பாங்க!”

குரூப் லோன் என்று அந்த அக்கா சொன்னதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ். சொத்து ஜாமீன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரிதான் ஜாமீன்! பங்களாதேஷில் இதைப் பெரிசாக்கிய முகம்மது யூனுஸுக்கும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் 2006-ல் நோபல் அமைதிப் பரிசே கிடைத்தது.

எடுத்த எடுப்பில் இதைத் திட்டிவிடவும் முடியாது. இதற்கு முன்னால் இருந்தது தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐநூறு கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷ வட்டி நூறு சதவிகிதத்தைத் தாண்டும். அதோடு ஒப்பிட்டால் குரூப் லோன் தங்கம்.

அப்படியானால் பஜ்ஜிக் கடை ஏன் பஜ்ஜிக் கடையாகவே இருக்கிறது? கடன் வாங்கி ஒன்றிரண்டு வாரத்திலேயே தவணை ஆரம்பித்துவிடுகிறது. அதனால் வாங்கிய பணத்தில் உடனே காசாகிற எண்ணெயும் கடலை மாவும்தான் வாங்க முடியும். சாக்லேட் செய்ய ஒரு மெஷின் வாங்கிப்போட்டு, சீசன் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கொல்கத்தாவில் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலியவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் இரண்டு வாரத்தில் தவணை. மற்றவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். 2013-ல் வெளியான முடிவு: மூன்று வருஷம் கழித்து, அவகாசம் பெற்றவர்களின் வியாபார லாபம் சுமார் 41 சதவிகிதம் அதிகம்! ஆனால் தவணை தவறியவர்களும் அவர்களில்தான் அதிகம். கடன் கொடுக்கிறவர் ஏன் தயங்குகிறார் என்று புரிகிறதா?

2020-ல் மார்ச் கடைசியில் ஊரடங்கு. அந்த ஏப்ரலும் மேயும் மலையில் ஈ, காக்கை இல்லை. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் தள்ளிப்போகவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

மகளிர் சுய உதவிக் குழு கொஞ்சம் வேறு ஜாதி. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. 1997-ல் ‘மகளிர் திட்டம்’ ஆனது. அதில் உள்கடன் என்பது அவர்களே சேர்த்த பணம். ‘பூண்டு எடுத்ததும் தர்றேன்’ என்று ஒருத்தி சொன்னால், மற்றவர்களுக்கும் பூண்டு எப்போது எடுப்பார்கள் என்று தெரியும்!

2022-ல் ரிசர்வ் வங்கியும் கொஞ்சம் இறங்கிவந்தது. கடன் வாங்குகிறவரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை மாற்றிக்கொள்ள வழி வைக்கணும், மொத்தத் தவணை குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. சரி, மலையில் எந்த மாத வருமானம்? மே மாதத்தையா, நவம்பரையா?

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு விளைகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே மலைப்பூண்டு. விதைத்து எடுக்க நாலைந்து மாதம். நம் ஊர்களில் விவசாயியின் சீசனை நன்றாகப் புரிந்துகொண்ட கடன்காரர் ஒருவர் ரொம்பக் காலமாக உண்டு: முன்பணம் கொடுக்கிற மண்டிக்காரர். விளைச்சல் வரும் வரை வாயே திறக்க மாட்டார். வட்டியை விலையில் எடுத்துக்கொள்வார்.